மாலோ மைனர்களும் மதுரை மீனாட்சியும்

மதுரை மீனாட்சியை வணங்கும் ஒரு சமஸ்கிருதப் பாட்டு இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் எழுதியது. 'வந்தே மீனாக்ஷி' என்று தொடங்கும். சின்ன வயதில் பாட்டு வகுப்புக்குப் போனவர்களில் பலருக்கு அது மனப்பாடமாகவே இருக்கும். அதன் மெட்டு அயர்லாந்திலிருந்து வந்தது. அங்கே அந்த மெட்டின் பெயர் 'தி ரேக்ஸ் ஆஃப் மாலோ'. ரேக் என்ற சொல்லுக்கு எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் கச்சிதமான ஒரு வார்த்தை உண்டு: மைனர். அப்பன் சொத்து, பட்டு ஜிப்பா, வெற்றிலைப் பெட்டி, ஊரெல்லாம் கடன். ஆக, மாலோ மைனர்கள்.

மாலோ, அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் பிளாக்வாட்டர் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். 18-ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு வெதுவெதுப்பான நீர் ஊற்று பிரபலம். உடம்புக்கு நல்லது என்று பணக்காரர்கள் வந்து தங்கினார்கள். அவர்களோடு வேலைவெட்டி இல்லாத பண்ணை வீட்டு இளைஞர்களும் வந்தார்கள். அவர்களைப் பற்றித்தான் பாட்டு. குடிக்கிறார்கள், ஆடுகிறார்கள், அடுத்தவன் வீட்டு ஜன்னலை உடைக்கிறார்கள், குத்தகைக்காரனைப் பிழிந்த காசை ஒரே ராத்திரியில் தொலைக்கிறார்கள். கடைசியில் போதை தெளிந்து கல்யாணம் கட்டிக்கொள்கிறார்கள். மெட்டு 1740-களில் அச்சுக்கு வந்துவிட்டது. கிராமத்து நடனத்துக்கான பிடில் மெட்டாக இருந்தது, பட்டாளத்துக் குழல்காரர்கள் கைக்கும் போனது.

ஒரு மெட்டை யாராவது விவரிக்கச் சொன்னால் நாம் மூன்று விஷயங்களைச் சொல்வோம். வேகம் என்ன, சுருதி என்ன, பாவம் என்ன. நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். பாட்டுக் கோப்புகளைக் கணினியில் திறந்து நோண்டுவது என் ராத்திரி வேலை. அந்த மென்பொருள்களில் வேகத்துக்கு ஒரு ஸ்லைடர் இருக்கும், சுருதிக்கு ஒரு ஸ்லைடர் இருக்கும். ஒன்றைத் தொடாமல் இன்னொன்றை மாற்றலாம். மூன்றாவதுக்கு ஸ்லைடர் கிடையாது. மாலோவிலிருந்து மதுரைக்கு வந்த மெட்டில் முழுசாக மாறியது அந்த மூன்றாவதுதான். அது எப்படி மாறியது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கோட்டைக்குப் போன குடும்பம்

தீட்சிதர் 1770-களின் நடுவில் திருவாரூரில் பிறந்தவர். எங்கள் ஊர் வேளாங்கண்ணியிலிருந்து நாகப்பட்டினம் போய், மேற்கே திரும்பி, கீழ்வேளூரைத் தாண்டினால் திருவாரூர். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அவர் பிறந்து வளர்ந்த ஆண்டுகள் டெல்டாவுக்குக் கெட்ட ஆண்டுகள். 1781-ல் ஹைதர் அலியின் படை தஞ்சாவூர்ச் சீமையைச் சூறையாடியது. அதே ஆண்டு நவம்பரில் நாகப்பட்டினத்தை டச்சுக்காரர்களிடமிருந்து கம்பெனிக்காரர்கள் பிடித்தார்கள். நெல் வயலுக்கு நடுவே பட்டாளம் நடந்துபோன காலம் அது. பட்டாளம் போகும் இடமெல்லாம் அதன் மேளமும் குழலும் கூடவே போகும்.

தீட்சிதரின் அப்பா ராமசுவாமி தீட்சிதர், ஹம்சத்வனி ராகத்தை உண்டாக்கியவர் என்று சொல்லப்படுபவர். சென்னைக்கு வடக்கே மணலியில் இருந்த முத்துக்கிருஷ்ண முதலியார் அவரைக் கூப்பிட்டு ஆதரித்தார். முதலியார் வீட்டுக்குக் கம்பெனியோடு நெருங்கிய தொடர்பு. அவருடைய மகன் சின்னையா முதலியார், செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசிக்கும்போது தீட்சிதர் பிள்ளைகளையும் அழைத்துப்போனார். இந்தச் செய்தியை எழுதிவைத்தவர் அந்தக் குடும்பத்திலேயே வந்த சுப்பராம தீட்சிதர்.

கோட்டைக்குப் போனதில் இரண்டு காரியங்கள் நடந்தன. தம்பி பாலுசுவாமி அங்கே ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டார். இன்று வயலின் இல்லாமல் ஒரு கர்னாடகக் கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியாது. அதன் ஆரம்பப் புள்ளிகளில் ஒன்று அந்த வீடு. அண்ணன் முத்துசுவாமி, பேண்டில் கேட்ட மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் வார்த்தை போட்டார். சுமார் 40 பாட்டுகள். இங்கிலீஷ் 'நோட்' என்ற சொல்லிலிருந்து அதற்கு நோட்டுஸ்வரம் என்று பேர் வந்தது.

கற்பனை செய்து பாருங்கள். வேதம் படித்த, வீணை வாசிக்கும் இருபது வயதுப் பையன். முன்னால் சிவப்புக் கோட்டுப் போட்ட பேண்டுக்காரர்கள். அவர்கள் வாசிக்கும் மெட்டுக்கு அயர்லாந்தில் என்ன வார்த்தை என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பேண்டில் வார்த்தை கிடையாது, சுரம் மட்டும்தான். மைனர்கள் மாலோவிலேயே நின்றுவிட்டார்கள், மெட்டு மட்டும் கப்பல் ஏறியது.

வேகம்

மெட்ரோனோம் என்கிற தாளக் கருவிக்கு மெல்சல் காப்புரிமை வாங்கியது 1815-ல். அதற்கு முன்னால் ஒரு மெட்டின் வேகத்தை எண்ணால் சொல்ல எளிய வழி எதுவும் புழக்கத்தில் இல்லை. ஆனால் பட்டாளத்திடம் ஒரு எண் இருந்தது. 1792-ல் வந்த பிரிட்டிஷ் படை விதிகளில், டேவிட் டண்டாஸ் வகுத்தபடி, சாதாரண நடை நிமிடத்துக்கு 75 அடி, விரைவு நடை 108 அடி. இதை இன்றைய பாஷையில் 75 பிபிஎம், 108 பிபிஎம் என்று சொல்லிவிடலாம். மேளக்காரன் அடிக்கிற அடிக்கு ஆயிரம் பேர் கால் வைக்கிறார்கள். அங்கே வேகம் என்பது ரசனை விஷயம் இல்லை, உத்தரவு.

நடனத்தில் வேகத்தை நிர்ணயிப்பது ஆடுகிறவர்களின் மூச்சு. மாலோ மெட்டு துள்ளல் மெட்டு. முதல் அடியில் ஷட்ஜத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவில் ஒரு தாவல், திரும்ப ஒரு தாவல். ஸ–க, ஸ–க. உடனே அதே தாவல் ஒரு படி இறங்கி நிஷாதத்துக்கும் ரிஷபத்துக்கும் நடுவில். நி–ரி, நி–ரி. சின்னப் பிள்ளை திண்ணையிலிருந்து குதித்து, ஏறி, மறுபடி குதிக்கிற மாதிரி. இதை ஐரிஷ் பிடில்காரர்கள் இன்றும் விரட்டித்தான் வாசிக்கிறார்கள். மெதுவாக வாசித்தால் குதிக்கிற கால் அந்தரத்தில் நின்றுவிடும்.

நம் பாட்டு வகுப்பில் இதே மெட்டு மெதுவாகிவிடுகிறது. காரணம் எளிது. நோட்டுஸ்வரத்தில் பெரும்பாலும் ஒரு சுரத்துக்கு ஒரு எழுத்து. ஆறு வயதுப் பிள்ளை, சமஸ்கிருத எழுத்து ஒவ்வொன்றையும் தெளிவாகச் சொல்லி, சுரமும் தவறாமல் பாட வேண்டும். டீச்சர் கையில் தாளம் போடுகிறார். நாக்கு போகிற வேகம்தான் பாட்டின் வேகம். ஆட்டக்காரனின் கால் இருந்த இடத்தில் பிள்ளையின் நாக்கு வந்துவிட்டது.

எங்கள் டெல்டாவின் சொந்த நாட்டுப் பாட்டுக்கும் இதே கதைதான். நடவுப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையாகக் குனிந்து, நாற்றைப் பிரித்து ஊன்றி, பின்னால் ஒரு எட்டு வைக்கிறார்கள். ஒரு அம்மா பாட்டை எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள், நடுவில் குலவை. பாட்டு வேகமாகப் போனால் கை தவறும். மெதுவாகப் போனால் பொழுது சாயும். நாற்று ஊன்றுகிற விரல்தான் அங்கே மெட்ரோனோம். நடவு இயந்திரம் இறங்கிய வயலில் அந்தப் பாட்டு கேட்பதில்லை. அதன் வேகத்துக்கு அங்கே இப்போது ஆள் இல்லை.

வேளாங்கண்ணியில் வளர்ந்தவனுக்கு இது கண்ணால் பார்க்கிற விஷயம். ஆகஸ்ட் 29-ல் கொடி ஏறும், செப்டம்பர் 8-ல் திருவிழா. அதற்கு முன்னாலேயே நடைப்பயணக் கூட்டங்கள் வர ஆரம்பித்துவிடும். சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் காவி உடை, கழுத்தில் ஜெபமாலை, தள்ளுவண்டியில் மாதா சொரூபம், அதில் கட்டிய ஸ்பீக்கர். சில கூட்டங்கள் ஊர் எல்லையில் பேண்டு செட்டு வைத்துக்கொள்ளும். இரண்டு கிளாரினெட், இரண்டு ட்ரம்பெட், பக்கமேளம் ஒன்று, பெரிய டிரம் ஒன்று.

அப்படி ஒரு செட்டில் ரொம்ப காலமாக வாசிக்கிற கிளாரினெட்டுக்காரர் ஒருவரிடம், "எந்தப் பாட்டு எவ்வளவு வேகம்னு எப்படி அண்ணே முடிவு பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"நான் எங்க தம்பி முடிவு பண்றேன்? முன்னாடி நடக்குறாங்க பாரு, அவங்க கால் முடிவு பண்ணும். காலைல கிளம்புன கால் வேற, கொப்புளம் போட்ட கால் வேற. கொப்புளக் காலுக்கு முன்னாடி போயி விறுவிறுன்னு வாசிச்சா பாவம்யா."

"ஒரே பாட்டா?"

"ஒரே பாட்டுதான். அதையே கல்யாண ஊர்வலத்துக்கும் வாசிப்போம், சாவுக்கும் வாசிப்போம். சாவுக்கு இழுத்து வாசிக்கணும். அவ்வளவுதான்."

டண்டாஸின் பட்டாளத்தில் மேளம் காலுக்கு உத்தரவு போட்டது. இங்கே கால் மேளத்துக்கு உத்தரவு போடுகிறது. கையில் இருக்கிற கருவிகள் அதே பட்டாளத்து வம்சத்துக் கருவிகள்தான். இரண்டாம் சரபோஜி, 1798 முதல் 1832 வரை ஆண்டவர், தஞ்சாவூர் அரண்மனையில் மேற்கத்திய பேண்டு வைத்திருந்தார். அந்தக் காலத்து மேற்கத்திய இசைக் குறிப்புகள் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. கிளாரினெட் 19-ஆம் நூற்றாண்டில் சதிர்க் கச்சேரிக்குள்ளேயே போய் உட்கார்ந்தது. அரண்மனைக்கும் கோட்டைக்கும் வந்த வாத்தியம் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் வெயிலில் நின்று வாசிக்கிறது.

சுருதி

ஐரோப்பிய இசையில் ஒரு பாட்டுக்கு 'கீ' உண்டு. ஜி மேஜர், டி மேஜர் என்று. அதைத் தாளின் இடது ஓரத்தில் எழுதிவிடுவார்கள். பாட்டு நடுவில் வேறு கீக்குத் தாவி, திரும்பி வருவதும் உண்டு. நம்மிடம் ஆதார சுருதி ஒன்றுதான். தம்புராவில் ஒரு முறை வைத்தால் கச்சேரி முடிகிறவரை அதுதான். ஆனால் அதை எங்கே வைப்பது என்பது பாடுகிறவரின் தொண்டையைப் பொறுத்தது. ஆர்மோனியத்தின் கட்டையைக் கணக்கு வைத்து, ஒரு கட்டை, ஐந்து கட்டை என்கிறோம். அதனால் 'வந்தே மீனாக்ஷி என்ன கீ?' என்ற கேள்விக்கு நம் இசையில் பதில் இல்லை. 'யார் பாடுகிறார்கள்?' என்ற எதிர்க்கேள்விதான் உண்டு.

இதற்காக உயரம் முக்கியமில்லை என்று ஆகிவிடாது. டெல்டாவிலேயே அதற்குப் பெரிய சாட்சி இருக்கிறது. பழைய நாகஸ்வரம் திமிரி. குட்டையானது, சுருதி தூக்கல். கோயில் வீதியில் கூட்டத்தைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதற்கான வாத்தியம். திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) காலத்தில் நீளமான, சுருதி இறங்கிய பாரி நாகஸ்வரம் பரவியது. அதைச் செய்து கொடுத்தவர் கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் இருக்கும் நரசிங்கம்பேட்டையில் ரங்கநாத ஆசாரி. சுருதி இறங்கியதும் நாகஸ்வரத்தின் குணமே மாறியது. வீதியில் கூப்பிடுகிற குரல், மேடையில் உட்கார்ந்து பேசுகிற குரலாயிற்று. அவருடைய தோடியை மணிக்கணக்கில் ஜனங்கள் கேட்டார்கள் என்றால், அதற்கு அவருடைய மேதைமை பாதி, மரம் கடைந்த ஆசாரியின் கை பாதி என்று நான் நினைக்கிறேன்.

பேண்டு செட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் தொழிற்சாலையிலேயே பி ஃபிளாட் என்று முடிவாகி வருகின்றன. "எங்களுக்குச் சுதி கடைக்காரன் குடுக்குறதுதான்" என்றார் அதே அண்ணன். கூடவே பாடுகிற ஜனங்கள் அதற்குத் தொண்டையை ஏற்றிக்கொள்கிறார்கள் அல்லது கீழ் ஸ்தாயியில் முணுமுணுக்கிறார்கள். ஆயிரம் பேர் சேர்ந்து பாடும் பாட்டில் பாதிப் பேருக்குச் சுருதி எட்டாது. அந்த எட்டாத முயற்சியிலும் ஒரு உருக்கம் வந்துவிடுகிறது. அதை யாரும் திட்டம் போட்டு எழுதவில்லை.

பாவம்

இப்போது சிக்கலான இடம். மேற்கே ஒரு பொது நம்பிக்கை உண்டு: மேஜர் என்றால் சந்தோஷம், மைனர் என்றால் சோகம். (இந்த மைனர் வேறு மைனர்.) மாலோ மெட்டு மேஜர். குடிகார இளைஞர்களின் கொண்டாட்டத்துக்கு அது பொருத்தம் என்று எந்த ஐரோப்பியரும் சொல்லிவிடுவார்.

அந்த மேஜர் ஏணியின் சுரங்கள் நம் 29-ஆவது மேளமான தீரசங்கராபரணத்தின் சுரங்கள். நோட்டுஸ்வரங்கள் எல்லாமே அதில்தான் நிற்கின்றன. சரி, சங்கராபரணம் சந்தோஷ ராகமா?

திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் கீழ்வேளூர். இலந்தை மரம் தலமரமாக இருக்கும் மாடக்கோயில். சாமி பெயர் அட்சயலிங்கர். தமிழில் கேடிலியப்பர், கேடு இல்லாதவர். தீட்சிதர் அவர்மேல் ஒரு கீர்த்தனை செய்திருக்கிறார், 'அக்ஷயலிங்க விபோ'. ராகம் சங்கராபரணம், தாளம் மிஸ்ர சாபு. ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் யானை நடப்பது போல அது நகரும். காந்தாரம் மத்திமத்தைத் தொட்டு அசைந்து, நிற்கலாமா வேண்டாமா என்று யோசித்து நிற்கும். கேட்டு முடிக்கும்போது சந்தோஷம், சோகம் என்று ரெண்டு டப்பாவும் உதவாது. பெரிய பிராகாரத்தில் தனியாக நிற்கிற உணர்வு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஒரே ஆள், ஒரே சுர ஏணி. ஒன்று ஆறு வயதுப் பிள்ளை பாடுவது, இன்னொன்று வித்வான்கள் பல வருஷம் பாடிப் பாடித் தேற வேண்டியது. இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் நாகப்பட்டினம். அங்கே நீலாயதாட்சி அம்மன்மேல் தீட்சிதர் நீலாம்பரியில் பாடியிருக்கிறார். தாலாட்டு ராகம் என்று பேர் வாங்கிய நீலாம்பரியும் அதே 29-ஆவது மேளத்தின் பிள்ளைதான். மாலோவில் ஜன்னலை உடைத்த அதே குடும்பத்துச் சுரங்கள் நாகப்பட்டினத்தில் பிள்ளையைத் தூங்க வைக்கின்றன.

அப்படியானால் பாவம் சுர ஏணியில் இல்லை. சுரத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறோம், அதை அசைக்கிறோமா நேராகப் பிடிக்கிறோமா, யாரை நோக்கிப் பாடுகிறோம், பாடும்போது உடம்பு என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதில்தான் அது இருக்கிறது.

இதற்கு இன்னும் கூர்மையான உதாரணம் நோட்டுஸ்வரங்களிலேயே இருக்கிறது. 'சந்ததம் பாஹிமாம்' என்ற பாட்டின் மெட்டு, 'காட் சேவ் த கிங்'. ஆமாம், பிரிட்டிஷ் ராஜ கீதம். 1744-ல் அச்சானது. மறுவருஷம் ஸ்டூவர்ட் வம்சத்தார் கலகம் செய்தபோது லண்டன் நாடக அரங்குகளில் பாடிப் பரவியது. மூன்று அடித் தாளம், மொத்தம் 14 தாள அளவு. முதல் பகுதி ஆறு, இரண்டாம் பகுதி எட்டு. இந்த ஏறுமாறான கணக்கைத் தீட்சிதர் அப்படியே வைத்துக்கொண்டார். ராஜா இருந்த இடத்தில் மட்டும் சங்கீத சியாமளா வந்து உட்கார்ந்தாள்.

கோட்டையில் அந்த மெட்டு கேட்டால் சிப்பாய் விறைப்பாக நிற்க வேண்டும். தீட்சிதரின் பாட்டை ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிப் பாடுகிறார். சுரம் ஒன்றே. காப்பாற்று என்ற வேண்டுதலும் ஒன்றே. அங்கே ராஜாவைக் காப்பாற்றச் சொல்லி ஊரே கடவுளைக் கேட்டது, இங்கே ஒரு ஆள் தன்னைக் காப்பாற்றச் சொல்லி தேவியைக் கேட்கிறார்.

திருட்டா, வெற்றியா

நோட்டுஸ்வரம் பற்றிப் பேசினால் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "அப்போ தீட்சிதரும் காப்பி அடிச்சிருக்காரா?" என்று ஒரு கட்சி. "வெள்ளைக்காரன் பாட்டையே நம்ம சாமி பாட்டா மாத்திட்டார் பாத்தியா" என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டிலும் ஒப்புதல் இல்லை. இரண்டு கட்சியும் மெட்டை ஒரு சொத்தாக நினைக்கின்றன. ஒருத்தருக்கு அது திருட்டுப் போன சொத்து, இன்னொருத்தருக்கு ஜெயித்து வாங்கிய சொத்து.

அந்த ஆண்டுகளில் தஞ்சாவூரில் நடந்த எதிர்த் திசைப் பயணத்தையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். வேதநாயகம் சாஸ்திரியார் 1774-ல் பிறந்தவர். தீட்சிதருக்குச் சமவயசு. ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் சரபோஜியோடு சேர்ந்து படித்தவர். அவர் 1800-ல் 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். மலைக்குறத்தி கை பார்த்துக் குறி சொல்கிற நாடக வடிவம், அதில் பைபிள் விஷயம். கோயிலிலும் அரண்மனையிலும் ஆடிய வடிவம் திருச்சபைக்குள் போயிற்று. திருவாரூர்க்காரர் வெளியூர் மெட்டில் உள்ளூர்த் தெய்வத்தை வைத்தார். தஞ்சாவூர்க்காரர் உள்ளூர் மெட்டில் வெளியூர் வேதத்தை வைத்தார். பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்த இந்த இரண்டு பேரில் ஒருத்தரைத் திருடர் என்றும் ஒருத்தரை வெற்றி வீரர் என்றும் எப்படிச் சொல்வது?

இதில் பேரே இல்லாமல் போன மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு, கோட்டையில் வாசித்த பேண்டுக்காரர். மெட்டைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தது அவர் உதடு. எந்த வரலாற்றிலும் அவருக்கு ஒரு வரி இல்லை. இன்றைக்கு எங்கள் ஊரில் வாசிக்கிற கிளாரினெட்டுக்காரரின் நிலைமையும் பெரிய வித்தியாசம் இல்லை. திருவிழா நோட்டீஸில் உபயதாரர் பெயர் இருக்கும், பூசை வைப்பவர் பெயர் இருக்கும். பேண்டு செட்டு என்பது ஒரு சொல்லாகக்கூட வராது. கால் பார்த்து வேகம் வைக்கிற அந்த நுட்பத்தை யாரும் வித்வத் என்று சொல்வதில்லை.

எழுதி வைத்தவர்கள்

இந்தக் கதையில் இன்னும் ஒருவரைச் சொல்ல வேண்டும். ஏ.எம்.சின்னசாமி முதலியார். சென்னையில் அரசு உத்தியோகத்தில் இருந்த தமிழ்க் கிறிஸ்தவர். 1893-ல் அவர் 'ஓரியண்டல் மியூசிக் இன் யூரோப்பியன் நோட்டேஷன்' என்ற தலைப்பில் ஒரு வெளியீட்டைத் தொடங்கினார். தியாகராஜர் போன்றவர்களின் கீர்த்தனைகளை ஐந்து கோட்டு ஐரோப்பிய முறையில் எழுதி அச்சிடும் வேலை. ஒரு நூற்றாண்டுக்கு முன் தீட்சிதர் காதால் வாங்கிக்கொண்டதற்கு, இது காகிதத்தில் திருப்பிக் கொடுத்த மொய் மாதிரி.

ஐந்து கோட்டில் சுருதியை எழுதலாம். வேகத்தை இத்தாலியச் சொல்லால் எழுதலாம், மெட்ரோனோம் எண்ணாலும் எழுதலாம். சங்கராபரணத்தின் காந்தாரம் அசைகிற அசைவை எழுதுவது கஷ்டம். சின்னசாமி முதலியார் இந்த வேலைக்கு எட்டயபுரத்திலிருந்த சுப்பராம தீட்சிதரின் உதவியை நாடினார். உங்களிடம் இருப்பதையெல்லாம் அச்சில் கொண்டுவாருங்கள் என்று அவரை விடாமல் தூண்டியவர்களில் அவரும் ஒருவர். அதன் பலனாக 1904-ல் எட்டயபுரத்திலிருந்து 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கு எழுத்தில் வெளிவந்தது. தீட்சிதரின் கீர்த்தனைகளை நாம் இன்று பாடுவதற்குப் பெரிய ஆதாரம் அந்தப் புத்தகம். அதில் சுரத்துக்கு மேல் கமகத்துக்கென்று தனி அடையாளங்கள் உண்டு. மூன்றாவது ஸ்லைடரைக் காகிதத்தில் செய்து பார்த்த முயற்சி என்று அதைச் சொல்வேன். கூடியவரை வந்தது. மீதியை இன்றைக்கும் குரு பாடிக் காட்டித்தான் தர வேண்டியிருக்கிறது.

நோட்டுஸ்வரத்துக்கு அந்த அடையாளங்கள் தேவையே இல்லை. நேர்ச் சுரம், எழுதினால் எழுதியபடி வரும். அதனால்தான் பெரிய வித்வான்கள் அதை மதிக்கவில்லை என்றும் சொல்லலாம், அதனால்தான் அது பிழைத்தது என்றும் சொல்லலாம். கச்சேரியில் மதுரை மணி ஐயர் கடைசியில் 'இங்கிலீஷ் நோட்' பாடாமல் போனால் ஜனங்கள் விடமாட்டார்கள் என்பார்கள். அது ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் செய்தது, சங்கராபரண ஏணியிலேயே துள்ளும் ஒரு மெட்டு. மூன்று மணி நேரம் ராகம் கேட்ட ஜனத்துக்குக் கடைசியில் வீட்டுக்கு நடக்க ஒரு நடை வேண்டியிருந்தது.

சுப்பராம தீட்சிதர் தன் தாத்தாவின் அண்ணன் செய்த நோட்டுஸ்வரங்களை என்ன செய்தார் என்பதில்தான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இருக்கிறது. 1905-ல் பிள்ளைகளுக்கான ஆரம்பப் பாடப் புத்தகம் ஒன்று போட்டார், 'பிரதமாப்யாச புஸ்தகமு'. அதில் சரளி வரிசை முதலான பயிற்சிகளோடு இவற்றில் முப்பதுக்கு மேல் சேர்த்தார். அக்ஷயலிங்க விபோவுக்குப் போக வேண்டிய பிள்ளைக்கு, முதல் படி மாலோவின் துள்ளல். கார்க் மாவட்டத்தில் ஒரு குத்தகைக்காரனின் வயிற்றெரிச்சலில் நடந்த கூத்துக்குப் போட்ட மெட்டு, நம் ஊர்ப் பிள்ளை வாய் திறந்து பாடும் முதல் பாட்டுகளில் ஒன்றாக ஆகிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு அது மீனாட்சி பாட்டு. அதில் தப்பு எதுவும் இல்லை.